நியூகாசிலின் முதலாளி யார்? கால்பந்துக்குள் வந்த அரசுப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டு அரசுகள் ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளை வாங்குவது பற்றிப் பேச்சு வந்தால் அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. எல்லாக் கிளப்புகளையும் ஒரே மூச்சில் பேசினால் எதுவும் தெளிவாகாது. அதனால் நியூகாசில் யுனைடெட்டை நடுவில் வைத்துக்கொள்கிறேன். மற்றவை தேவைப்படும் இடத்தில் வந்து போகும்.

முதலில், நடந்தது என்ன?

2021 அக்டோபர் 7 அன்று, இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் இருக்கும் நியூகாசில் நகரத்தின் கிளப் கைமாறியது. விலை சுமார் 30.5 கோடி பவுண்டு. விற்றவர் மைக் ஆஷ்லி, விளையாட்டுச் சாமான் கடைகள் நடத்தும் வியாபாரி. வாங்கியவர்கள் மூன்று தரப்பு. சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியத்துக்கு 80 சதவீதம். பேரத்தை முன்னின்று நடத்திய அமண்டா ஸ்டேவ்லியின் நிறுவனத்துக்கு 10, பிரிட்டிஷ் கோடீஸ்வரர்களான ரூபன் சகோதரர்களின் நிறுவனத்துக்கு 10. 2024ல் ஸ்டேவ்லி விலகினார். அதற்குப் பிறகு நிதியத்தின் பங்கு 85 சதவீதமாகிவிட்டது.

அந்த நிதியம் அரசா, தனி நிறுவனமா?

இந்த விவகாரத்தின் முடிச்சே இதுதான்.

நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். நிர்வாகக் குழுவில் அவரோடு உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அமைச்சர்கள். நிதியத்தின் ஆளுநர் யாசிர் அல் ருமைய்யான். அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோவுக்கும் அவர்தான் தலைவர், நியூகாசில் கிளப்புக்கும் அவர்தான் தலைவர். இவ்வளவையும் பார்த்துவிட்டு, இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரை நடத்தும் பிரீமியர் லீக் சொன்னது என்ன தெரியுமா? சவூதி அரசு இந்தக் கிளப்பைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்காது என்று சட்டப்படி செல்லுபடியாகும் உறுதிமொழி கிடைத்துவிட்டது, ஆகவே அனுமதிக்கிறோம். உறுதிமொழியின் முழு வாசகத்தை அவர்கள் வெளியிடவில்லை.

சரி, பிறகு 2023 பிப்ரவரி வந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், நிதியம் பணம் போட்ட லிவ் கோல்ஃப் போட்டி தொடர்பாக ஒரு வழக்கு. நிதியத்தின் உள் ஆவணங்களைத் தரவேண்டும், ருமைய்யான் சாட்சியம் அளிக்கவேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. நிதியத்தின் வக்கீல்கள் அங்கே எழுதிக் கொடுத்த வாதம் இது: நிதியம் சவூதி அரசின் இறையாண்மை கொண்ட ஓர் உறுப்பு, ருமைய்யான் பதவியில் இருக்கும் அமைச்சர், ஆகவே எங்களை இப்படி இழுக்க முடியாது. நியூகாசிலில் அரசு இல்லை, கலிஃபோர்னியாவில் அரசு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

அடுத்த மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்னால் பிரீமியர் லீக் தலைமை நிர்வாகி ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் வந்தார். இந்த வாதத்தை வைத்துக்கொண்டு நியூகாசில் விற்பனையை மறுபடி ஆராய்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆராய்கிறோமா இல்லையா என்பதையே சொல்ல முடியாது என்றார்.

பேரம் 18 மாதம் இழுத்ததே. மனித உரிமைக் காரணத்தாலா?

இல்லை. டிவி திருட்டால்.

2020 ஏப்ரலில் பேரம் வெளியே வந்தது. மத்திய கிழக்கில் பிரீமியர் லீக் ஆட்டங்களைக் காட்டும் உரிமை கத்தாரின் பீஇன் ஸ்போர்ட்ஸிடம் இருந்தது. 2017ல் சவூதியும் கத்தாரும் உறவை முறித்துக்கொண்ட பிறகு பீஅவுட்க்யூ என்ற ஒரு திருட்டுச் சேனல் முளைத்தது. பெயரிலேயே கிண்டல். பீஇன்னின் ஒளிபரப்பை அப்படியே எடுத்துத் தன் முத்திரையை ஒட்டி ஓட்டியது. சவூதி இதன் மேல் நடவடிக்கை எடுக்கத் தவறியது என்று உலக வர்த்தக அமைப்பின் குழு 2020 ஜூனில் தீர்ப்புச் சொன்னது.

இது லீகின் மடியில் கைவைக்கும் விஷயம். ஒளிபரப்பு உரிமைதானே அவர்கள் விற்கும் சரக்கு. அதனால் அப்போது லீக் ஒரு நியாயமான கேள்வியைப் பிடித்துக்கொண்டது: கிளப்பின் உண்மையான கட்டுப்பாடு சவூதி அரசிடம் இருக்கும் என்றால், அரசும் ஒரு இயக்குநராகப் பதிவாகித் தகுதித் தேர்வுக்கு உட்பட வேண்டாமா? இதற்கு ஒப்புக்கொள்ளாமல் நிதியம் 2020 ஜூலை இறுதியில் பின்வாங்கியது. நடுவில் பட்டத்து இளவரசரே பிரதமர் போரிஸ் ஜான்சனுக்குச் செய்தி அனுப்பி, லீகின் முடிவு சரிசெய்யப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது மறு வருடம் பத்திரிகையில் வந்தது. அரசாகவே இல்லாத ஒரு முதலீட்டாளருக்காக ஓர் அரசின் தலைமை இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது!

2021 ஜனவரியில் சவூதியும் கத்தாரும் சமாதானமானார்கள். அக்டோபர் 6 அன்று பீஇன் மீதான தடையை சவூதி நீக்குகிறது என்ற செய்தி வந்தது. மறுநாள் கிளப் விற்பனையானது. ஒரு நாள் இடைவெளி. அந்த ஒன்றரை வருடத்தில் சவூதியின் சிறைகளிலோ மரண மேடைகளிலோ பெரிதாக எதுவும் மாறியிருக்கவில்லை.

ஜமால் கஷோகி கொலைக்கும் கிளப்புக்கும் என்ன சம்பந்தம்?

கஷோகி சவூதிப் பத்திரிகையாளர். வாஷிங்டன் போஸ்டில் எழுதிவந்தவர். 2018 அக்டோபர் 2 அன்று, திருமணத்துக்குத் தேவையான காகிதங்கள் வாங்க இஸ்தான்புல்லில் உள்ள சவூதி துணைத் தூதரகத்துக்குள் போனார். வெளியே அவர் மணக்கவிருந்த ஹதீஜா ஜெங்கிஸ் காத்துக்கொண்டிருந்தார். உள்ளே ரியாத்திலிருந்து வந்த குழு அவரைக் கொன்றது. உடல் கிடைக்கவே இல்லை. அவரைப் பிடிக்க அல்லது கொல்ல நடந்த நடவடிக்கைக்குப் பட்டத்து இளவரசர் ஒப்புதல் கொடுத்தார் என்பது அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீடு. 2021 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். அவர் மறுக்கிறார், தன் ஆட்சியில் நடந்ததால் பொறுப்பு ஏற்கிறேன், உத்தரவு நான் போடவில்லை என்பது அவர் நிலை.

அந்தக் குழு வந்துபோன இரண்டு தனி விமானங்கள் ஸ்கை பிரைம் ஏவியேஷன் என்ற நிறுவனத்துடையவை. அந்த நிறுவனம் 2017 கடைசியில் இதே பொது முதலீட்டு நிதியத்தின் கைக்கு மாற்றப்பட்டிருந்தது. கனடாவில் நடந்த ஒரு வழக்கின் ஆவணங்கள் வழியாக 2021ல் இது வெளியே வந்தது. விமானம் யாருக்குப் போகிறது என்று நிதியத்துக்குத் தெரிந்திருந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் "நிதியம் வேறு, அரசு வேறு" என்ற கோடு எவ்வளவு மெல்லியது என்று பார்க்க முடியும்.

ஜெங்கிஸ் 2020லேயே தன் வக்கீல்கள் மூலம் பிரீமியர் லீகுக்கு எழுதினார், இந்த விற்பனையை அனுமதிக்காதீர்கள் என்று. கொலை நடந்து மூன்று வருடமும் ஐந்து நாளும் ஆனபோது விற்பனை முடிந்தது.

மற்ற கிளப்புகள் கூட எதிர்த்தார்களே?

எதிர்த்தார்கள், கோபமாகவே. விற்பனை முடிந்த பதினோராம் நாள் அவசரக் கூட்டம் போட்டு, உரிமையாளரோடு தொடர்புள்ள கம்பெனிகளின் விளம்பர ஒப்பந்தங்களுக்குத் தற்காலிகத் தடை கொண்டுவந்தார்கள். 18 கிளப்புகள் ஆதரவு, நியூகாசில் எதிர்ப்பு, மான்செஸ்டர் சிட்டி வாக்களிக்கவில்லை. பட்டியலைப் பார்த்தாலே பயம் எதைப் பற்றியது என்று புரிகிறது: சவூதி கம்பெனிகள் சட்டை விளம்பரத்துக்குப் பத்து மடங்கு விலை கொடுத்துவிட்டால் நம் கதி என்ன? போட்டியில் பின்தங்கும் பயம் நியாயமானதுதான். மனித உரிமை என்று அதைத் தப்பாக எண்ணிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மனித உரிமை பற்றிப் பேசியவர்கள் மேடையில் இல்லை, கேலரியில் இருந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி நியூகாசில் லண்டனுக்கு ஆடப் போனபோது கிரிஸ்டல் பேலஸ் ரசிகர்கள் ஒரு பேனர் பிடித்தார்கள். கையில் ரத்தவாளோடு ஓர் உருவம், பக்கத்தில் தலை வெட்டு, தணிக்கை, கொலை என்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல். புகார் வந்து போலீஸ் விசாரித்தது; குற்றம் எதுவும் இல்லை என்று விட்டுவிட்டது.

ஸ்போர்ட்ஸ்வாஷிங் என்று சொல்கிறார்களே, அது என்ன?

விளையாட்டைச் சோப்பாக வைத்து அரசின் கறையைக் கழுவுவது. சொல் புதிது, பழக்கம் பழையது. 1978ல் அர்ஜென்டினாவை ராணுவம் ஆண்டுகொண்டிருந்தபோது உலகக் கோப்பை அங்கே நடந்தது. இறுதி ஆட்டம் நடந்த மைதானத்திலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் கடற்படைப் பள்ளியில் ஒரு சித்திரவதை முகாம் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு இந்தச் சொல்லில் ஒரு குறை படுகிறது. கழுவுவது என்றால் கறை மறையவேண்டும். நியூகாசில் வாங்கியதால் கஷோகி பெயரை உலகம் மறந்ததா? இல்லை, முன்பு கேள்விப்படாதவர்களும் கேள்விப்பட்டார்கள். நடப்பது வேறு. பழக்கப்படுத்துதல். முதல் மாதம் எல்லோரும் கேட்கிறார்கள், இரண்டாம் வருடம் ஒரு நிருபர் கேட்கிறார், நான்காம் வருடம் கேட்பவரைத்தான் "இன்னுமா?" என்று பார்க்கிறார்கள். இளவரசருக்கும் இந்தச் சொல் பெரிதாக உறுத்தவில்லை. 2023 செப்டம்பரில் ஃபாக்ஸ் நியூஸ் பேட்டியில், இதனால் நாட்டின் வருமானம் ஒரு சதவீதம் கூடுமென்றால் ஸ்போர்ட்ஸ்வாஷிங்கைத் தொடர்ந்து செய்வேன் என்று சொல்லிவிட்டார்.

நியூகாசில் ரசிகர்கள் அன்றைக்குத் தெருவில் ஆடினார்களே. மனசாட்சி இல்லையா?

அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். ஆஷ்லியின் 14 வருடம் அந்த ஊருக்கு எப்படி இருந்தது என்று பார்க்கவேண்டும். இரண்டு முறை கீழ் டிவிஷனுக்கு இறங்கினார்கள். நூறாண்டு கடந்த செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்குத் தன் கடையின் பெயரை வைத்தார் மனிதர். நிலக்கரியும் கப்பல் கட்டுவதும் போன ஊரில் மிஞ்சிய பெருமை அந்த மைதானம்தான், அதுவும் நகரத்தின் நடு மேட்டில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்படி நிற்கிறது. ரசிகர் அறக்கட்டளை 2021ல் எடுத்த வாக்கெடுப்பில் 93.8 சதவீத உறுப்பினர்கள் விற்பனைக்கு ஆதரவு.

சிலர் தலையில் துண்டைக் கட்டி அரபி வேஷம் போட்டு வந்தார்கள். அப்படி வராதீர்கள், பிறர் மனம் புண்படலாம் என்று கிளப் கேட்டுக்கொண்டது. சில நாளில், உரிமையாளர்களுக்கு அதில் வருத்தமில்லை, விருப்பம்போல வாருங்கள் என்று மாற்றியும் சொன்னது. சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஆட்டத்தில் பலன் கிடைத்தது உண்மை. 2025 மார்ச் 16 அன்று வெம்ப்ளியில் லிவர்பூலை 2-1 என்று வென்று லீக் கோப்பையை எடுத்தார்கள். 1955க்குப் பிறகு உள்நாட்டில் பெற்ற முதல் பெரிய கோப்பை. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் கிடைக்காததைப் பார்த்தவரிடம் போய் நிதியத்தின் சட்டத் தகுதி பற்றிப் பேச எனக்கும் வாய் வராது. இருந்தும் அந்த ஊரிலேயே ஒரு சின்ன ரசிகர் குழு இருக்கிறது, ஸ்போர்ட்ஸ்வாஷிங்குக்கு எதிராக மைதானத்து வாசலில் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டு. சொந்த ஊர்க்காரர்களின் ஏச்சுதான் அவர்களுக்கு அதிகம்.

பயிற்சியாளரும் வீரர்களும் ஏன் வாய் திறப்பதில்லை?

2022 மார்ச் 12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சவூதி அரசு ஒரே நாளில் 81 ஆண்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. அதே நாளில்தான் பிரீமியர் லீக், உக்ரைன் போரையொட்டி பிரிட்டன் தடை விதித்த ரோமன் அப்ரமோவிச்சை செல்சியின் இயக்குநர் பதவியிலிருந்து நீக்கியது. மறுநாள் நியூகாசில் செல்சியின் மைதானத்தில் ஆடியது! 89ஆவது நிமிடத்தில் ஹாவர்ட்ஸ் கோல் போட, செல்சி 1-0. ஆட்டம் முடிந்து 81 பேரைப் பற்றி நிருபர்கள் கேட்டார்கள். நான் கால்பந்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றார் நியூகாசில் பயிற்சியாளர் எடி ஹவ்.

சம்பளம் வாங்குகிறவரிடம் முதலாளியைப் பற்றிக் கருத்துக் கேட்பது கொஞ்சம் அநியாயமும்கூட. விற்பனைக்கு அனுமதி கொடுத்தவர்கள் அந்த அறையில் இல்லை.

ஜோர்டன் ஹெண்டர்சன் கதை வேறு. லிவர்பூல் கேப்டனாக இருந்தபோது ஒருபால் ஈர்ப்பு கொண்டவர்களுக்காக வானவில் பட்டை கட்டி ஆடியவர். 2023ல் சவூதியின் அல் எத்திஃபாக்குக்குப் போனார். அவரை வரவேற்க அந்தக் கிளப் வெளியிட்ட வீடியோவில் பட்டையின் நிறம் சாம்பலாகியிருந்தது. ஆறு மாதத்தில் ஐரோப்பாவுக்குத் திரும்பிவிட்டார்.

மான்செஸ்டர் சிட்டியும் பிஎஸ்ஜியும் மட்டும் யோக்கியமா?

இல்லை. சிட்டியை அபுதாபி ஆட்சிக் குடும்பத்தின் ஷேக் மன்சூர் 2008ல் வாங்கினார். பாரிஸ் நகரத்துக் கிளப்பான பிஎஸ்ஜி 2011லிருந்து கத்தார் அரசின் விளையாட்டு முதலீட்டு நிறுவனத்திடம். சிட்டியின் அபுதாபிக்கு முந்தைய முதலாளியை நினைவிருக்கிறதா? தாய்லாந்தின் பதவியிழந்த பிரதமர் தக்சின் ஷினவத்ரா. அவர் ஆட்சியில் 2003ல் நடந்த போதைப்பொருள் ஒழிப்பு வேட்டையில் 2,000க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதைச் சொல்லி, இவர் தகுதியானவரா என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2007லேயே லீகுக்கு எழுதியது. தேறிவிட்டார். ஆக, கதவு அன்றைக்கே திறந்திருந்தது.

அபுதாபி இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் அகமது மன்சூர் என்ற மனித உரிமைச் செயல்பாட்டாளர் 2017லிருந்து சிறையில் இருக்கிறார். சமூக ஊடகத்தில் எழுதியதற்குப் பத்து வருடத் தண்டனை. சிட்டியின் குழுமம் 2019ல் மும்பை சிட்டி எஃப்சியில் 65 சதவீதம் வாங்கியபோது நம் ஊர்ப் பத்திரிகைகளில் அந்தச் செயல்பாட்டாளரின் பெயர் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இதெல்லாம் அரபுக்காரன், முஸ்லிம் என்பதால் வெள்ளைக்காரன் போடும் கூச்சல்தானே?

ஒரு பங்கு உண்மை இருக்கிறது. பிரிட்டன் சவூதிக்கு ஆயுதம் விற்கிறது. ஏமன் போரையொட்டி அந்த உரிமங்கள் கொடுத்த விதம் சட்டவிரோதம் என்று 2019ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறு வருடமே விற்பனையைத் திரும்ப ஆரம்பித்தார்கள். குண்டு விற்கலாம், கிளப் விற்கக்கூடாதா என்று ஒரு சவூதிக்காரர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

ஆனால் அடிவாங்குகிறவர் யார் என்று பாருங்கள். கஷோகி சவூதிக்காரர், முஸ்லிம். அந்த 81 பேரில் 41 பேர் ஷியா முஸ்லிம்கள். சல்மா அல் ஷிஹாப், நியூகாசிலிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி, இரண்டு பிள்ளைகளின் தாய். விடுமுறைக்கு ஊர் போனவரை ட்விட்டர் பதிவுகளுக்காகப் பிடித்து 2022ல் 34 வருடச் சிறை கொடுத்தார்கள். பிறகு குறைத்து, 2025 பிப்ரவரியில் விட்டார்கள். இவர்களுக்காகப் பேசுவது அரபு விரோதம் என்றால், அந்த அரபுகளில் இவர்கள் சேர்த்தி இல்லையா?

ஊபரிலும் அந்த நிதியம் பணம் போட்டிருக்கிறது. கால்பந்தை மட்டும் ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்?

2016ல் 350 கோடி டாலர் போட்டார்கள், சரி. ஊபருக்காக யாரும் தொண்டை வறளப் பாட்டுப் பாடுவதில்லை. ஊபரைக் குறை சொன்னால் மகன் அப்பாவோடு சண்டை போடுவதில்லை.

சவூதி மாறிக்கொண்டிருக்கிறதே, அதைச் சொல்லமாட்டீர்களா?

சொல்கிறேன். 2018 ஜனவரியில் பெண்கள் கால்பந்து மைதானத்துக்குள் வர அனுமதி கிடைத்தது. அதே வருடம் ஜூனில் கார் ஓட்ட அனுமதி. 2022ல் பெண்கள் தேசிய அணி முதல் சர்வதேச ஆட்டம் ஆடியது. சினிமா தியேட்டர், கச்சேரி எல்லாம் வந்தன. ரியாத்தில் வளரும் ஓர் இளம்பெண்ணுக்கு இவை சின்ன விஷயம் இல்லை.

ஆனால் கார் ஓட்டும் உரிமைக்காகப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் அந்த அனுமதி வருவதற்கு ஒரு மாதம் முன்னால், 2018 மே மாதம் கைதானார். 2021ல்தான் விட்டார்கள், பயணத் தடையோடு. கொடுப்பது நாங்கள், கேட்கக் கூடாது என்பது செய்தி. மரண தண்டனையும் குறையவில்லை. 2024ல் குறைந்தது 345 பேர் என்று ஆம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் கணக்கு.

வளைகுடாவில் உழைத்த நம் ஆட்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. கஃபீல், அக்காமா என்ற சொற்களைத் தமிழ்நாட்டின் கடலோர ஊர்களிலும் இலங்கையின் கிழக்கிலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேலைக்குக் கூப்பிட்ட முதலாளியின் கையில்தான் தங்கும் உரிமை. அவர் விட்டால்தான் வேறு வேலை. இந்த கஃபாலா முறைக்குள் கட்டியதுதான் கத்தாரின் 2022 உலகக் கோப்பை. உலகம் பார்த்துக்கொண்டிருந்ததால் கத்தார் சிலவற்றை மாற்றியது: வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டும் என்பதைப் பெரும்பாலானோருக்கு நீக்கியது, 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். சட்டம் மாறிய அளவுக்கு முகாமில் நிலைமை மாறவில்லை என்பது தொழிலாளர் அமைப்புகளின் குறை.

சவூதியில் இந்த முறையைத் தளர்த்திய 2021 மாற்றங்கள் வீட்டு வேலைக்காரர்களையும் வீட்டு டிரைவர்களையும் சேர்க்கவில்லை. மூதூரிலிருந்து வறுமையால் வயதைக் கூட்டிப் போட்ட பாஸ்போர்ட்டோடு போன பெண் ஒருத்தி, தனக்கு 17 வயதாக இருந்தபோது தன் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்ததற்காக 2013 ஜனவரியில் தலை வெட்டப்பட்டதை இலங்கையில் மறந்தவர் குறைவு. பால் கொடுக்கும்போது புரையேறியது என்று அவள் சொன்னாள். கொழும்பு அரசு பலமுறை கெஞ்சியும் பலனில்லை.

இப்போது 2034 உலகக் கோப்பை சவூதியில். 2023 அக்டோபர் 4ஆம் தேதி உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அறிவிப்பு விட்டு, விருப்பம் தெரிவிக்க மாதக் கடைசி வரைதான் நேரம் கொடுத்தது. கடைசி நாளில் ஆஸ்திரேலியா ஒதுங்கியது. ஒரே ஒரு விண்ணப்பம். 2024 டிசம்பர் 11 அன்று வாக்குச்சீட்டு இல்லாமல் கைதட்டியே கொடுத்துவிட்டார்கள். நார்வே மட்டும் இந்த முறையே தப்பு என்று பதிவு செய்து கைதட்டலில் சேரவில்லை. மனித உரிமை அபாயம் "நடுத்தரம்" என்று ஃபிஃபாவின் மதிப்பீடு. 15 ஸ்டேடியங்கள். 2025 மார்ச்சில் அல்கோபரில் கட்டும் ஸ்டேடியத்திலிருந்து பாகிஸ்தான் தொழிலாளி ஒருவர் விழுந்து இறந்தார்.

கத்தாரில் ஸ்டேடியம் கட்டும்போது 6,500 பேர் செத்தார்கள் என்பது உண்மையா?

அப்படிச் சொல்வது தப்பு, திருத்திக்கொள்ள வேண்டிய தப்பு. 2021 பிப்ரவரியில் கார்டியன் பத்திரிகை சொன்னது: உலகக் கோப்பை கிடைத்த பிறகான பத்து ஆண்டுகளில் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாட்டவரில் 6,500க்கு மேல் கத்தாரில் இறந்தார்கள். எல்லா வேலையும், எல்லாக் காரணமும் சேர்த்து. அதில் இந்தியர் 2,711, இலங்கையர் 557. ஸ்டேடியம் தளங்களில் வேலை தொடர்பான மரணம் மூன்றுதான் என்றது கத்தார் ஏற்பாட்டுக் குழு. இரண்டுக்கும் நடுவில் உண்மை எங்கே? தெரிந்துகொள்ளும் வழியையே அடைத்துவிட்டார்கள். வெயிலில் வேலை செய்த இளைஞன் இரவில் தூக்கத்தில் செத்தால் "இயற்கை மரணம்", "மாரடைப்பு" என்று எழுதி, பிரேதப் பரிசோதனை இல்லாமல் பெட்டியில் அனுப்பினால் எந்தக் கணக்கில் சேர்ப்பது? வேலையில் நடந்த மரணம் இல்லை என்றால் நஷ்டஈடும் இல்லை. எண்ணிக்கைச் சண்டையில் இந்த வீட்டுக்காரர்களை யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ரசிகர்கள் கத்தினால் ஏதாவது மாறுமா?

ஓட்டு இருக்கும் இடத்தில் மாறியிருக்கிறது. ஜெர்மனியில் கிளப்பின் பெரும்பான்மை வாக்கு பொதுவாக உறுப்பினர்களிடம் இருக்கவேண்டும் என்பது விதி. பயர்ன் மியூனிக் சட்டைக் கையில் கத்தார் ஏர்வேஸ் விளம்பரம் இருந்தது. 2021 நவம்பர் பொதுக்கூட்டத்தில் அதற்கு எதிரான தீர்மானத்தை எடுத்துக்கொள்ள நிர்வாகம் மறுத்தது. கூட்டம் ரகளையில் முடிந்தது. 2023ல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கையோடு பயர்ன் போய் ருவாண்டா அரசின் சுற்றுலா விளம்பரத்தைப் பிடித்தது வேறு கதை. ஆர்சனல் சட்டையிலும் 2018லிருந்து அதே ருவாண்டா. பக்கத்து காங்கோவில் ருவாண்டா ஆதரவு பெற்ற எம்23 படை 2025ல் கோமா நகரைப் பிடித்த பிறகு எதிர்ப்பு வலுத்து, 2026 ஜூனோடு ஒப்பந்தம் முடியும் என்று ஆர்சனல் அறிவித்தது.

விளம்பரத்தைக் கழற்றலாம். முதலாளியையே கழற்ற நியூகாசில் ரசிகரிடம் ஸ்பேனர் இல்லை.

விதி எதுவும் மாறவில்லையா? நாளைக்கே இன்னோர் அரசு கிளப் வாங்க வந்தால்?

மாறியிருக்கிறது. பழைய தகுதித் தேர்வு கிரிமினல் தண்டனை, திவால், மேட்ச் ஃபிக்சிங் போன்றவற்றைப் பார்த்தது. மனித உரிமை என்ற சொல்லே அதில் இல்லை. 2023 மார்ச்சில் கிளப்புகள் வாக்களித்து மனித உரிமை மீறலையும் தகுதியிழப்புக் காரணமாகச் சேர்த்தார்கள். அளவுகோல் பிரிட்டிஷ் அரசின் 2020 மனித உரிமைத் தடைச் சட்டம். கஷோகி கொலைக்காக அந்தச் சட்டத்தின் கீழ் பிரிட்டன் 2020 ஜூலையில் 20 சவூதிக்காரர்கள் மேல் தடை விதித்தது. பட்டத்து இளவரசர் அந்தப் பட்டியலில் இல்லை. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, கிளப் உரிமையாளர்களைச் சோதிக்கத் தனி ஒழுங்குமுறை அமைப்பு வந்திருக்கிறது. அரசுகள் கிளப் வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

ஆக, பொது முதலீட்டு நிதியமே இன்று புதிதாக விண்ணப்பம் போட்டால்? தலைவர் பெயர் தடைப் பட்டியலில் இல்லை, பீஇன் சேனல் ரியாத்தில் ஓடுகிறது, உறுதிமொழிக் காகிதம் கோப்பில் இருக்கிறது. இந்த முறை 18 மாதம் ஆகாது.